அரைப்பக்கப் பாடங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

என் பேத்தி ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கீபோர்டு வகுப்புக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். ஒரு மணி நேரம் வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று போன வருஷம் நானும் சேர்ந்துவிட்டேன். வயது அறுபத்து நான்கு. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்த காலத்தில் பாட்டு வகுப்புக்கென்று ஓர் ஆர்மோனியம் இருந்தது. அதில் நாலு கட்டையை அமுக்கிப் பார்த்ததோடு சரி. இப்போது பேத்தியும் நானும் ஒரே பாடத்தில் இருக்கிறோம். அவள் விரல் ஓடுகிறது, என் விரல் யோசிக்கிறது.

எங்கள் மாஸ்டர் ஞாயிறு காலையில் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். அதனால் சினிமாப் பாட்டோடு பழைய ஆர்கன் பாடங்களையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பார். போன மாதம் கொடுத்தது ஃபிஷர் என்ற ஜெர்மானியர் எழுதிய ஒரு ஃபியூக். மொத்தமே அரைப்பக்கம். பேத்தி தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமை. "ஏன் ஆச்சி இவ்ளோ குட்டியா இருக்கு? இது நிஜப் பாட்டா, இல்ல பாடத்துக்காகச் செஞ்ச பாட்டா?" என்று கேட்டாள்.

முப்பத்தைந்து வருஷம் பாடம் நடத்தியவளுக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இசை இலக்கணம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் வாத்தியார் வேலை தெரியும். இந்தச் சரித்திரத்தில் பாதி வாத்தியார்கள் சரித்திரம்தான்.

முதலில் ஆர்கன் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். நாம் பார்க்கும் கால் ஆர்மோனியமோ கீபோர்டோ அல்ல. சுவர் உயரத்துக்கு உலோகக் குழல்களும் மரக்குழல்களும் வரிசையாக நிற்கும். ஒரு கட்டையை அமுக்கினால் அதற்குரிய குழலுக்குள் காற்று போய் ஊதும். கையால் வாசிக்க இரண்டு மூன்று வரிசைக் கட்டைகள், காலால் வாசிக்கத் தரையில் ஒரு வரிசை நீண்ட மரக்கட்டைகள். அத்தனைக்கும் காற்று வேண்டுமே? கொல்லன் பட்டறையில் இருப்பதுபோல, ஆனால் கட்டில் அளவுக்குப் பெரிய துருத்திகள் பின்னால் இருக்கும். அந்தக் காலத்தில் அவற்றை மிதிப்பதற்கென்றே ஆள் இருந்தான். அவன் மிதித்தால்தான் பாட்டு.

இதை யோசித்துப் பாருங்கள். ஒரு பையன் ஆர்கன் பழக வேண்டும் என்றால் தேவாலயத்தைத் திறக்கச் சொல்ல வேண்டும். துருத்தி மிதிப்பவனுக்குக் காசு கொடுக்க வேண்டும். ஜெர்மனியில் மாரிக்காலத்தில் கல் கட்டடத்துக்குள் விரல் விறைத்துப் போகும். ஆகவே பெரும்பாலும் வீட்டில் கிளாவிகார்டு என்ற சின்னப் பெட்டியில்தான் பழகினார்கள். அதன் சத்தம் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. சில வீடுகளில் அதற்கும் கால்கட்டை வைத்திருந்தார்கள். அசல் ஆர்கனில் உட்காரக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான்.

பாடங்கள் குட்டியாக இருந்ததற்கு இது மட்டும் காரணமல்ல. வழிபாட்டில் ஆர்கனுக்குக் கிடைக்கும் இடமே குட்டிதான். சபையார் ஒரு பாட்டைப் பாடுவதற்கு முன்னால் அதன் மெட்டை நினைவுபடுத்த ஒரு நிமிஷம். கத்தோலிக்கத் தேவாலயங்களில் ஓர் அடியைப் பாடகர்கள் பாட, அடுத்த அடிக்குப் பதிலாக ஆர்கன் வாசித்தது. அதற்கு அரை நிமிஷம். பாகெல்பெல் என்ற பெரியவர் நியூரம்பர்க்கில் மாலை வழிபாட்டுக்காக எழுதிய இப்படிப்பட்ட சின்ன ஃபியூக்குகள் மட்டும் தொண்ணூறுக்கு மேல் இருக்கின்றன.

தேர்ந்த கலைஞர் இதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டா வாசித்தார்? இல்லை. உட்கார்ந்த இடத்தில் மனோதர்மமாக வாசித்துவிடுவார். நம் நாதஸ்வர வித்துவான் ஆலாபனையைத் தாளில் எழுதிக்கொண்டா வருகிறார்? அப்படித்தான். அப்படியானால் தாளில் எழுதப்பட்டது யாருக்காக? இன்னும் கைவராதவர்களுக்காக. என் பேத்தியின் கேள்விக்கு முதல் பாதிப் பதில் இங்கே கிடைத்தது. மாணவர்கள் இல்லாதிருந்தால் இந்தச் சின்னப் பாட்டுகளில் பல காற்றோடு போயிருக்கும்.

பாகெல்பெலைப் பற்றி ஒரு செய்தி. 1678இல் எர்ஃபுர்ட் நகரத்தில் ஒரு தேவாலயத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் ஜூன் 24ஆம் தேதி, ஸ்நான அருளப்பர் திருநாளில், அரைமணி நேரம் முழு ஆர்கனையும் வாசித்து, அந்த ஒரு வருஷத்தில் தான் எவ்வளவு முன்னேறியிருக்கிறார் என்று காட்ட வேண்டும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நமக்கு வரும் ஆண்டாய்வு அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது. பன்னிரண்டு வருஷம் அவர் அங்கே இருந்தார்.

எங்கள் ஜெராக்ஸ் தாளில் இருந்த ஃபிஷர் 1702இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பெயர் 'அரியாட்னே மியூசிகா'. கிரேக்கக் கதையில் வழி தெரியாத சுழல் மாளிகைக்குள் போகிறவன் கையில் நூல் கொடுத்து அனுப்புகிறாளே ஒரு பெண், அவள் பெயர்தான் அரியாட்னே. ஒவ்வொரு சுருதி நிலையிலும் ஒரு முன்னிசை, ஒரு ஃபியூக் என்று இருபது ஜோடி. எந்தக் கட்டையில் தொடங்கினாலும் வழி தவறாமல் திரும்பி வருவதற்கான நூல். ஃபியூக் என்றால் ஒரு குரல் ஒரு வாக்கியத்தைச் சொல்லும், அது முடியுமுன் அடுத்த குரல் அதே வாக்கியத்தை வேறு உயரத்தில் பிடித்துக்கொள்ளும், பிறகு மூன்றாவது. வகுப்பில் ஒரு பெஞ்சு வாய்ப்பாடு தொடங்க, அடுத்த பெஞ்சு பின்னாலேயே தொடருமே, அதுபோல. ஃபிஷரின் ஃபியூக்குகளில் பல ஒரு நிமிஷத்தை ஒட்டியே முடிந்துவிடும். இவற்றில் ஒன்றின் வாக்கியத்தைத்தான் பிற்காலத்தில் யோகான் செபாஸ்டியன் பாக் எடுத்துத் தன் பெரிய ஃபியூக் ஒன்றுக்கு அடியாக வைத்துக்கொண்டார். குட்டிப் பாடத்திலிருந்து பெரிய மனிதர் எடுத்திருக்கிறார் என்றதும் பேத்திக்கு அந்தத் தாள்மேல் மரியாதை வந்துவிட்டது.

இனி பாக் கதை. எனக்குத் தூக்கம் கெட்டது இந்த இடத்தில்தான்.

பாக் பிறந்தது 1685இல், ஐசெனாக் என்ற ஊரில். ஒன்பது வயதில் தாய் போனாள். அடுத்த வருஷமே தகப்பனும் போனார். மூத்த அண்ணன் யோகான் கிறிஸ்டோஃப் ஓர்ட்ரூஃப் என்ற சிற்றூரில் தேவாலய ஆர்கன்காரர். பாகெல்பெலிடம் மூன்று வருஷம் நேரடியாகப் படித்தவர். தம்பியை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டு, கட்டையில் விரல் வைக்கவும் சொல்லிக்கொடுத்தார்.

அண்ணன் கொடுத்த பாடங்களையெல்லாம் பையன் சீக்கிரம் முடித்துவிட்டான். அண்ணனிடம் ஒரு நோட்டு இருந்தது. பாகெல்பெல் போன்ற பெரியவர்களின் பாட்டுகளைக் கையால் எழுதிச் சேர்த்தது. பையன் கெஞ்சிக் கேட்டும் அண்ணன் தரவில்லை. கம்பிக் கதவு போட்ட அலமாரியில் அது இருந்தது. அட்டை கெட்டியாக இல்லாததால், பையன் தன் சின்னக் கையைக் கம்பிக்குள் விட்டு நோட்டைச் சுருட்டி வெளியே இழுத்துவிடுவான். எல்லோரும் தூங்கிய பிறகு நிலா வெளிச்சத்தில் எழுதுவான். விளக்குக்கு வழியில்லை. ஆறு மாதம் ஆயிற்று, எழுதி முடிக்க. பிறகு அண்ணன் கண்டுபிடித்துவிட்டார். பையன் எழுதியதைப் பிடுங்கிக்கொண்டார்.

இது பாக் இறந்த பிறகு 1754இல் வெளிவந்த நினைவுக் கட்டுரையில் இருக்கிறது. எழுதியவர்களில் ஒருவர் அவருடைய மகனே. ஆகவே அப்பா வீட்டில் சொல்லிக் கேட்ட கதையாக இருக்க வேண்டும்.

இதைப் படித்ததும் எனக்கு என்னுடைய பீரோ ஞாபகம் வந்துவிட்டது. தொண்ணூறுகளில் ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலை பார்த்தேன். கரும்பலகைத் திட்டத்தில் வந்த கதைப் புத்தகங்கள் ஒரு பீரோ நிறைய இருந்தன. சாவி என்னிடம். இருப்புச் சரிபார்க்கும்போது ஒரு புத்தகம் குறைந்தாலும் பொறுப்பாசிரியர் கைக்காசு கட்ட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் நான் பீரோவைத் திறப்பதே இல்லை. பதிவேட்டில் மட்டும் வழங்கல், திரும்பப் பெறல் என்று எழுதிக்கொள்வேன். பொய்க் கணக்குத்தான். இப்போது ஒளித்து என்ன ஆகப்போகிறது?

நான்காம் வகுப்புப் பையன் ஒருவன், பீரோவின் அடித்தகடு துருப்பிடித்து நெளிந்திருந்த இடத்தில் கைவிட்டு ஒரு விடுகதைப் புத்தகத்தை எடுத்திருக்கிறான். சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அதை அப்படியே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். நாற்பது பக்கம் எழுதியிருப்பான். நான் புத்தகத்தை வாங்கினேன். அதோடு விட்டிருக்கலாம். நோட்டையும் வாங்கி மேசை டிராயரில் போட்டேன். "திருட்டுப் புத்தி இனிமேல் வரக்கூடாது" என்றேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வருஷம் மே மாதம் எனக்கு மாற்றல் வந்தது. டிராயரில் இருந்த சாமான்களைக் கட்டும்போது அந்த நோட்டு கண்ணில் பட்டது. யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று வைத்தேன். அனுப்பவில்லை.

ஆகவே அந்த அண்ணனைத் திட்டுகிறவர்கள் திட்டட்டும், எனக்கு வாய் வரவில்லை. அந்தக் காலத்தில் அப்படி ஒரு கையெழுத்து நோட்டு என்றால் அவருடைய மூன்று வருஷப் படிப்பின் முழுச் சம்பாத்தியம். வெளியே போனால் பிழைப்பு போகும் என்று பயந்திருப்பார். பத்து வயசுப் பையனுக்கு அவ்வளவு கடினமான பாடம் எதற்கு என்றும் நினைத்திருக்கலாம். எளிதிலிருந்து கடினத்துக்குப் போ என்று எங்களுக்கும் பயிற்சிப் பள்ளியில் அதைத்தான் சொன்னார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த நினைவுக் கட்டுரையில் ஒரு பிழை இருக்கிறது. அண்ணன் சீக்கிரம் இறந்துவிட்டதாகவும் அதன் பிறகு தம்பி லூனெபுர்க் நகரத்துக்குப் படிக்கப் போனதாகவும் அது சொல்கிறது. உண்மையில் தம்பி போனது 1700இல். அண்ணன் இறந்தது 1721இல். இன்னொரு செய்தி. 2004இல் வைமர் நகரத்தின் அன்னா அமாலியா நூலகத்தில் பெரிய தீவிபத்து நடந்து ஏறக்குறைய 50,000 புத்தகங்கள் எரிந்துபோயின. வேறு இடத்தில் வைத்திருந்ததால் தப்பித்த கையெழுத்துச் சுவடிகளுக்குள் 2006இல் ஆய்வாளர்கள் சில தாள்களைக் கண்டுபிடித்தார்கள். பாக் சிறுவனாக இருந்தபோது தன் கையால் படியெடுத்தவை. அதில் ஒன்று புக்ஸ்டெஹூட என்பவரின் மிக நீளமான, மிகக் கடினமான ஆர்கன் இசை. எழுதும்போது பையனுக்குப் பதின்மூன்று வயது இருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் அண்ணன் வீட்டில் இருந்தபோதே அவன் கைக்குப் பெரிய பாடங்களும் வந்திருக்கின்றன. யார் கொடுத்தது? அண்ணன்தானே கொடுத்திருக்க வேண்டும்!

இன்னும் கேளுங்கள். பாக் இளம் வயதில் இயற்றிய பல பாட்டுகள் இன்று நமக்குக் கிடைப்பதே இரண்டு பழைய கையெழுத்துத் தொகுதிகளால்தான். அவற்றைத் தொகுத்தவர் இதே அண்ணன் கிறிஸ்டோஃப்தான் என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். தம்பி எழுதியதைப் பிடுங்கியவர், தம்பி இயற்றியதை உட்கார்ந்து படியெடுத்திருக்கிறார். அந்த அண்ணன் பெயரைத் தலைப்பில் போட்டுப் பாக் ஓர் இசையும் எழுதியிருக்கிறார். அண்ணன் தன் மகனைப் பாக்கிடம்தான் ஆர்கன் படிக்க அனுப்பினார். குடும்பத்துக்குள் கணக்கு எப்படியோ தீர்ந்திருக்கிறது. என் பையனிடம் எனக்கு அப்படி வாய்க்கவில்லை.

சரி, நீளம் குட்டை விஷயத்துக்கு வருவோம். பாக் பதினெட்டு வயதில் ஆர்ன்ஷ்டாட் ஊரில் ஆர்கன் வேலைக்குச் சேர்ந்தார். 1705இல் நாலு வாரம் லீவு கேட்டு, அந்தப் புக்ஸ்டெஹூடவின் வாசிப்பைக் கேட்க லூபெக் வரைக்கும் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நடந்தே போனார். நாலு வாரம் லீவை நாலு மாதமாக்கிவிட்டுத் திரும்பி வந்தார். 1706 பிப்ரவரியில் மேலிடம் கூப்பிட்டு விசாரித்தது. லீவு ஒரு குற்றம். சபையார் குழம்பும்படி பாட்டுக்கு நடுவில் விசித்திரமாக வாசிக்கிறார் என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் வேடிக்கை. முன்பெல்லாம் ரொம்ப நீளமாக வாசித்தாராம். நீளம் என்று சொன்னதும், கோபத்தில் ரொம்பக் குட்டையாக வாசிக்க ஆரம்பித்தாராம்! வயது இருபது. பன்னிரண்டாம் வகுப்புப் பையன்களிடம் இதே வீம்பை நான் பார்த்திருக்கிறேன்.

அதே 1706இல்தான் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவரும் பின்னால் வந்த ஃபப்ரிசியுஸ் ஐயரும் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கி, அதே மெட்டில் பாட வைத்தார்கள். பாக் ஆர்கனில் விரித்து வாசித்ததும் அந்த மரபின் மெட்டுகளைத்தான்.

பிறகு வைமர் நகரத்தில் வேலை பார்த்த வருஷங்களில் பாக் ஒரு சின்ன நோட்டுப் போட்டார். 'ஓர்கல்பூஹ்லைன்', அதாவது ஆர்கன் சிறு நூல். நம் பள்ளிக்கூட நோட்டை விடச் சிறியது. முதலில் பாட்டு எழுதவில்லை. வெறும் பக்கங்களின் தலையில் 164 ஞானப்பாட்டுகளின் பெயரை மட்டும் எழுதினார். அநேகமாகப் பாட்டுக்கு ஒரு பக்கம். பக்கம் போதாமல் போன இடங்களில் வரி போட இடமில்லாமல் அடியில் எழுத்துக் குறியீட்டில் நெருக்கி எழுதியிருக்கிறார். பாடக்குறிப்பு நோட்டில் கட்டத்துக்கு வெளியே நாம் பொடி எழுத்தில் எழுதுவதுபோலத்தான்.

பின்னால் கோதன் என்ற ஊருக்குப் போனபோது அதற்கு ஒரு முகப்புப் பக்கம் எழுதினார். தொடக்க நிலையில் இருக்கும் ஆர்கன் மாணவனுக்கு ஒரு பாட்டைப் பலவிதமாக விரித்தெடுக்கக் கற்றுக்கொடுப்பதற்காகவும், காலால் வாசிப்பதில் தேர்ச்சி வருவதற்காகவும் என்பது அதன் சாரம். தொடக்க நிலை என்று சொல்லை நம்பி யாரும் ஏமாற வேண்டாம். எங்கள் மாஸ்டர் அதில் ஒன்றை வாசித்துக் காட்டினார். வலது கையில் பாட்டு, இடது கையில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு நீரோட்டம், காலில் சீராக ஒரு நடை. மூன்று பேர் செய்யவேண்டிய வேலை. இரண்டரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ருஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி 'சோலாரிஸ்' படத்தில் (1972) பயன்படுத்தியது இதைத்தான் என்றார். நானும் பேத்தியும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தோம்.

164 பெயர்களில் அவர் எழுதி முடித்தது 46 துண்டுகள் மட்டுமே. ஒரு பக்கத்தில் இரண்டு அளவு எழுதி அப்படியே நிற்கிறது. மற்றதெல்லாம் தலைப்பு மட்டும் உள்ள வெறும் பக்கம். அந்த நோட்டு இன்றும் பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கிறது. படத்தில் அந்த வெறும் பக்கங்களைப் பார்த்தபோது, ஜூன் மாதம் உற்சாகமாகத் தலைப்புப் போட்டு மார்ச்சில் வெறுமையாக இருக்கும் என்னுடைய நோட்டுகள்தான் கண்ணில் வந்தன. நமக்கு மட்டுமல்ல!

1720 ஜனவரி 22ஆம் தேதி, ஒன்பது வயது மூத்த மகன் வில்ஹெல்ம் ஃபிரீடமனுக்கென்று இன்னொரு நோட்டைத் தொடங்கினார். முதல் பக்கத்தில் குறிகளின் பெயர். அடுத்து அலங்காரங்களை எப்படி வாசிப்பது என்ற அட்டவணை. அடுத்து ஒவ்வொரு சுரத்துக்கும் மேலே விரல் எண் போட்ட ஒரு குட்டிப் பாட்டு. அட்சரம், அட்டவணை, பயிற்சி. எந்தப் பயிற்சிப் பள்ளியில் டிப்ளமா வாங்கினாரோ!

ஃபோர்க்கல் என்பவர் 1802இல் பாக்கின் சரித்திரத்தை எழுதினார். பாக்கின் மகன்களோடு பழகித் தகவல் சேர்த்தவர். அவர் சொல்வது: பாக் புதிய மாணவர்களுக்கு மாதக்கணக்கில் வெறும் விரல் பயிற்சிதான் கொடுப்பாராம். யாராவது பொறுமை இழந்து முகம் சுண்டுவதைப் பார்த்தால், அந்தப் பயிற்சிகளையே கோத்து, வகுப்பு நேரத்திலேயே உட்கார்ந்து ஒரு சின்னப் பாட்டாக எழுதிக் கொடுத்துவிடுவாராம். எதிரில் இருக்கும் மாணவனுக்கு அந்த நேரத்தில் என்ன தேவையோ அதற்காக.

பேத்தியின் கேள்விக்கு மீதிப் பதில் இதுதான் என்று எனக்குப் பட்டது. பாடத்துக்காகச் செய்ததுதான், நிஜப் பாட்டும்தான்.

ஒரு திருத்தம். கீபோர்டு படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் வாசிக்கும் ஜி மேஜர் மினுவெட் ஒன்று உண்டு. புத்தகங்களில் 'பாக்' என்று போட்டிருக்கும். பாக் மனைவி அன்னா மக்தலேனாவின் 1725ஆம் வருஷ நோட்டில் இருந்ததால் வந்த குழப்பம். அதை எழுதியவர் டிரெஸ்டன் நகரத்து ஆர்கன்காரர் கிறிஸ்டியான் பெட்சோல்ட் என்று 1970களில் கண்டுபிடித்தார்கள். 1733இல் பெட்சோல்ட் இறந்தபோது அந்தத் தேவாலய வேலைக்கு வந்தது யார் தெரியுமா? நோட்டுப் போட்டுக் கொடுத்தாரே, அந்த மகன் ஃபிரீடமன். ஆர்கன் படிப்பவர்கள் முதலில் எடுக்கும் 'எட்டுச் சிறு முன்னிசையும் ஃபியூக்கும்' என்ற தொகுப்பும் இப்படித்தான். ரொம்ப நாள் பாக் பெயரில் இருந்தது. அது அவருடையதல்ல என்றே இன்று பலர் நினைக்கிறார்கள். பாக்கின் மாணவர்களான கிரெப்ஸ் அப்பாவோ மகனோ எழுதியிருக்கலாம் என்பது ஒரு கட்சி. முடிவாகவில்லை. யார் எழுதினால் என்ன, மாணவனே எழுதியிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

போன ஞாயிறு பேத்தி ஃபிஷர் பாடத்தைத் தட்டாமல் வாசித்துவிட்டாள். நான் நான்காவது வரியில் இன்னும் தடுக்கி விழுகிறேன். மாஸ்டர் அடுத்த தாளைக் கொடுக்கும்போது, ஜெராக்ஸ் வேண்டாம், அசலைக் கொடுங்கள், நாங்களே எழுதிக்கொள்கிறோம் என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். கோடு போட்ட நோட்டு ஒன்று இருபது ரூபாய். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பேத்தியும் நானும் எழுதுகிறோம். ட்யூப்லைட் வெளிச்சத்தில்தான்.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயதை ஒட்டி இருக்கும். ஊர் பெயரையும் அவன் பெயரையும் எழுதவில்லை. வேப்பமரம், விடுகதை நோட்டு என்றால் அவனுக்குத் தெரியும். கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதப்பா. நோட்டு இப்போது என்னிடம் இல்லை. அதையும் சொல்ல வேண்டும்.